கோப்பெங்கில் வீடு, செப்பாங்கில் தூக்கம்

கோலாலம்பூரிலிருந்து வடக்கே காரோட்டி வருகிறவர்களுக்குத் தெரியும். தாப்பாவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் சுண்ணாம்புக் குன்றுகள் சாலையோரம் திடீரென்று எழுந்து நிற்கும். குவா தெம்புருங் குகையை வயிற்றுக்குள் வைத்திருக்கும் குன்றும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டால் எனக்கு ஊர் வந்துவிட்டது. அடுத்த டோல் கோப்பெங்.

இந்த முறை விடுமுறைக்காக வரவில்லை. சின்னம்மா மகன் அழைத்திருந்தான். இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். விமான நிறுவனம் ஒன்றில் துணை விமானியாகச் சேரச் சொல்லி வந்த கடிதம். அதைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் செய்தி வாசித்துப் பழகிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

அவன் லங்காவியில் பயிற்சி முடித்தது 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில். உரிமம் கைக்கு வந்த நேரம், உலகம் முழுக்க விமானங்கள் தரையில் நின்றன. வேலையில் இருந்த விமானிகளையே வீட்டுக்கு அனுப்பிய காலம் அது. ஈப்போவில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தான், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான், கடன் தவணையைக் கட்டினான். அதனால் அந்தக் கடிதம் எங்கள் குடும்பத்துக்கு வெறும் வேலைக் கடிதம் இல்லை.

மறுநாளே இன்னொரு செய்தி வந்தது. “அக்கா, ஒரு பிரச்சினை. அம்மா வீட்டுலேர்ந்தே போயிட்டு வரச் சொல்றாங்க. நீங்க ஒருதரம் வந்து பேசுறீங்களா?”

ஒரு விமானி தன் பணியைத் தொடங்கி முடிக்கும் விமான நிலையத்தைத் தளம் என்பார்கள். இவனுக்குக் கொடுக்கப்பட்ட தளம் செப்பாங்கில் உள்ள கேஎல்ஐஏ. சின்னம்மாவின் வீடு கோப்பெங்கில். இடையில் ஏறக்குறைய 240 கிலோமீட்டர். உன் தளம் எது என்பதை நிறுவனம் சொல்லிவிடும். நீ எங்கே குடியிருக்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. அதை நீயே முடிவு செய்ய வேண்டும்.

வேலை தேடி வந்தவர்களின் ஊர்

சனிக்கிழமை காலையில் அவனும் நானும் ஊருக்குள் நடந்தோம். கோப்பெங் நடந்தே பார்த்துவிடக்கூடிய ஊர். பழைய கடை வரிசைகள், சந்தை, ஒட்டுக்கடைகள், கொஞ்சம் தள்ளிப் போனால் புதிய தாமான்கள். வார இறுதியில் கோலாலம்பூர் வண்டிகள் நிறைய நிற்கும். கம்பார் ஆற்றில் ரப்பர் படகு விடவும், உலு கெரோவில் ரஃப்லேசியா பூ பார்க்கவும் வருகிறவர்கள்.

ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டே அவனிடம் கேட்டேன்: “இந்த ஊருக்கு யாராவது காத்து வாங்க வந்து குடியேறியிருப்பாங்களா?”

சிரித்தான். கோப்பெங்கின் கதையே வேலையின் கதைதான். சுமத்ராவிலிருந்து மண்டைலிங் மக்களும், பிறகு சீனர்களும் இங்கே வந்தது ஈயத்துக்காக. சீனாவிலிருந்து வந்த இயூ கோங் 1879இல் இந்த ஊரில்தான் ஒரு மருந்துக் கடையைத் திறந்தார். ஈயலம்பத் தொழிலாளர்கள் வலிக்கும் களைப்புக்கும் அபினை நம்பிக் கிடந்த காலம் அது. அந்தக் கடைதான் இன்று பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கும் இயூ யான் சாங். உள்ளூர் ஆர்வலர்கள் உருவாக்கிய கோப்பெங் அரும்பொருளகத்துக்குள் போனால், ஈயம் கழுவிய தட்டுகளையும் அந்தக் காலத்து வீட்டுச் சாமான்களையும் பார்க்கலாம். மலையிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்து மண்ணைக் கரைத்து ஈயம் எடுப்பதற்காகப் போட்ட பெரிய இரும்புக் குழாய்களின் மிச்சமும் இந்த வட்டாரத்தில் உண்டு.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. வேலைக்காக வந்தவர்கள் வேலையோடு போனார்கள். 1994இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்த பிறகு, பழைய சாலையில் நின்று தேநீர் குடித்துப் போன வண்டிகளும் குறைந்தன. கோப்பெங் பிள்ளைகள் படித்து முடித்துக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். நானும் ஊடகப் படிப்பு முடித்ததும் அப்படித்தான் வானொலிக்குப் போனேன்.

ஐந்து நிமிட தூரத்தில் வேலை

அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் பேராக் கோத்தா பாரு போகும் வழியில் ஓர் இடத்துக்கு அழைத்துப் போனான். இப்போது செம்பனை நிற்கிறது. எங்கள் தாத்தா பால் வெட்டிய தோட்டம் அங்கேதான் இருந்தது. லயங்கள் இருந்த இடத்தில் இரண்டு மாமரங்களும் ஒரு கிணற்று விளிம்பும் மட்டும் மிச்சம்.

ரப்பர் மரத்தில் விடியும் முன்பே உளி வைத்துவிட வேண்டும். மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் அந்த நேரத்தில்தான் அதிகம். வெயில் ஏற ஏற பால் ஓட்டம் குறையும். அதனால் தாத்தா நான்கு மணிக்கு எழுவார். பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, இருட்டோடு நிரைக்குள் நுழைவார். பாட்டி கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பின்னாலேயே போவார். லயத்திலிருந்து பெரட்டுக் களம் ஐந்து நிமிட நடை.

சின்ன வயதில் நான் அதைத் தோட்டத்தின் வசதிகளில் ஒன்றாகத்தான் நினைத்திருந்தேன். வளர்ந்த பிறகுதான் கணக்குப் புரிந்தது. ஆள் தூங்கும் இடத்தையும் வேலை செய்யும் இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரும் தாமதமாக வர முடியாது. யாரும் சுலபமாக வெளியே போகவும் முடியாது. வீட்டைக் கட்டியது கம்பெனி, கொடுத்தது கம்பெனி. வேலை இருக்கும் வரை வீடு. வேலை போனால் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

மலாயா சுதந்திரம் பெற்ற காலத்தையொட்டி தோட்டத் துண்டாடல் நடந்தபோது அப்படிக் கிளம்பிய குடும்பங்கள் ஏராளம். நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்கு அதுதான் காரணம். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். நாம் வேலை செய்யும் மண்ணில் நமக்கும் பங்கு இருந்தால் நம்மை யாரும் கிளப்ப முடியாது என்ற எண்ணம். பிறகு 1990இல் தொழிலாளர் வீட்டு வசதிக்கான சட்டமும் வந்தது. ஆனால் எங்கள் தாத்தா வேலையை விட்டு ஓய்வு பெற்றபோது, லய வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

சின்னம்மாவின் வீடு அதற்குப் பிறகு வாங்கியது. கோப்பெங்கில் ஒரு தாமானில் இரண்டு அறை மாடியில்லா வீடு. ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணம், சித்தப்பா லாரி ஓட்டிச் சேர்த்த பணம், பத்து காஜா தொழிற்சாலையில் சின்னம்மா இரவு வேலை செய்த பணம். எங்கள் குடும்பத்தில் முதலாளியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டாத முதல் வீடு அது. சித்தப்பா தவறி ஆறு வருடம் ஆகிறது. “இந்த வீட்ட பூட்டிட்டு நான் எங்கயும் வரமாட்டேன்” என்று சின்னம்மா சொன்னால் அது வீம்பு இல்லை.

கட்டி முடிக்காத வீடு

மதியம் பத்து காஜா சாலையில் கெல்லிஸ் கோட்டைக்குப் போனோம். பள்ளிப் பிள்ளையாக எத்தனையோ முறை பார்த்த இடம்தான். இந்த முறை வேறு மாதிரித் தெரிந்தது.

ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித், இருபது வயதை ஒட்டி மலாயா வந்தவர். ராயா ஆற்றங்கரையில் கிந்தா கெல்லாஸ் தோட்டத்தை உருவாக்கினார். மகன் பிறந்த 1915ஆம் ஆண்டு வாக்கில் இந்தப் பெரிய மாளிகையைத் தொடங்கினார். செங்கல்லும் ஓடும் மட்டுமல்ல, கொத்தனார்களும் மதராஸிலிருந்து வந்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு வந்த விஷக் காய்ச்சலில் அந்தத் தொழிலாளர்களில் பலர் இறந்தார்கள். பக்கத்தில் மாரியம்மன் கோயில் எழும்பியது. கோயில் கூரையில் தெய்வச் சிலைகளுக்கு நடுவே தொப்பியும் கோட்டும் போட்ட ஒரு துரையின் உருவம் இன்றும் நிற்கிறது.

மாளிகைக்கு மின்தூக்கி வைக்க ஆசைப்பட்டார். 1926இல் ஐரோப்பா போனவர் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்தார். மனைவி திரும்பி வரவில்லை. தோட்டம் கைமாறியது. மின்தூக்கிக்காக விட்ட செங்குத்துப் பள்ளம் இன்றைக்கும் வெறுமையாக இருக்கிறது. வருகிறவர்கள் எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

“ஒரு நாள்கூட நிம்மதியா குடியிருக்காத வீடு, அக்கா” என்றான் அவன்.

“அம்மாவும் அதத்தான் பயப்படுறாங்க” என்றேன். “நீ செப்பாங்ல வீடு வாங்கிட்டா, இந்த வீடு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் திறக்குற வீடா ஆயிருமோன்னு.”

சமையலறை மேசையில் ஒரு கணக்கு

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மூவரும் உட்கார்ந்தோம். சின்னம்மாவின் வாதம் எளிமையானது. “மூணு மணி நேரந்தானே. நெடுஞ்சால நேரா போகுது. அங்க ஒரு வாடக, இங்க ஒரு செலவு, எதுக்கு? சாப்பாடாவது வீட்டுல சாப்பிடட்டும்.”

வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஈப்போவில் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து சிங்கப்பூருக்குப் பறக்கலாம். கேஎல்ஐஏவுக்கு விமானம் இல்லை. விமானிக்கு வேலைக்குப் போக விமானம் கிடைக்கவில்லை என்று நாங்கள் மூவருமே சிரித்தோம்.

கோப்பெங்கில் ரயில் நிலையமும் இல்லை. பத்து காஜா போய் இடிஎஸ் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரலுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து விமான நிலைய ரயிலில் 28 நிமிடம். பகலில் இது நல்ல வழி. 2010இல் இடிஎஸ் வந்த பிறகு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே வாழ்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆனால் விடியற்காலை விமானத்தை ஓட்டப் போகிறவனுக்கு நடு இரவில் ரயில் கிடையாது. மிச்சம் இருப்பது கார்.

அவன் ஒரு தாளை எடுத்து எழுதினான். காலை 5 மணிக்குப் பணிக்கு வர வேண்டும் என்று அட்டவணையில் இருந்தால், கோப்பெங்கிலிருந்து 1.30க்குக் கிளம்ப வேண்டும். எழுவது 12.45க்கு. இரண்டோ நான்கோ பயணங்களை முடித்து, தாள்களில் கையெழுத்திட்டு, காரை எடுக்கும்போது மதியம் 3 மணியைத் தாண்டிவிடும். மாலை 5.45க்கு அவன் தாப்பாவைத் தாண்டி எங்கோ சாலையில் இருப்பான். அப்போது அவன் விழித்திருந்த நேரம் சரியாக 17 மணி.

அந்த எண்ணை நான் எங்கோ படித்திருந்தேன். ஒரு முறை காலை நிகழ்ச்சியில் தூக்கத்தைப் பற்றிப் பேசியபோது எடுத்த குறிப்பு. 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வு அது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும் சேர்ந்து இயங்கும் திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பல நாடுகளில் அந்த அளவு இருந்தாலே காரோட்டக் கூடாது.

“அது திரும்பி வர்ற நேரந்தானே, அப்ப விமானம் ஓட்டலையே” என்றார் சின்னம்மா.

“அம்மா, மறுநாளும் அதே நேரம் வேல இருந்தா?” என்று கேட்டான் அவன். சின்னம்மா பதில் சொல்லவில்லை.

கடல் தாண்டி நடந்த ஒன்று

வீடு ஓரிடம், தளம் ஓரிடம் என்று வாழும் விமானிகள் உலகில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இது மிகச் சாதாரணம். ஓர் ஊரில் குடும்பம், மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி வேலை. விமானிகள் அறையில் காலியாக இருக்கும் இருக்கையில் ஓசியில் பறந்து வேலைக்கு வருவார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கட்டில்களை மட்டும் போட்டு வைத்திருப்பார்கள். அதற்கு ‘கிராஷ் பேட்’ என்று பெயர்.

2009 பிப்ரவரி 12 இரவு, நுவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குப் போன கோல்கன் ஏர் 3407 விமானம், தரையிறங்கச் சில நிமிடங்கள் இருக்கையில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தார்கள். துணை விமானிக்கு வயது 24. தளம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள நுவார்க். அவர் குடியிருந்தது மேற்குக் கரையில், சியாட்டல் அருகே, பெற்றோர் வீட்டில். முதல் நாள் இரவு முழுக்கச் சரக்கு விமானத்தில் மெம்ஃபிஸ் வழியாகப் பறந்து வேலைக்கு வந்தவர். தலைமை விமானியின் வீடு ஃபுளோரிடாவில். அவரும் முதல் நாள் இரவைப் பணியாளர் அறையில் கழித்தவர்.

இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டும். விமானம் வேகம் இழந்து எச்சரிக்கை வந்தபோது தலைமை விமானி தவறாகக் கையாண்டதுதான் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. இருவரின் செயல்திறனையும் களைப்பு பாதித்திருக்கலாம், ஆனால் எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது என்றும் அது சொன்னது. அளக்க முடியாததுதான் களைப்பின் சிக்கல். மதுவை ஊதிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். தூக்கமின்மைக்கு அப்படிக் கருவி இல்லை.

அந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்காவில் விதிகள் மாறின. 2014 ஜனவரியிலிருந்து பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் இடையூறில்லாமல் தூங்க வாய்ப்பு. ஆனால் வீட்டுக்கும் தளத்துக்கும் இடையிலான தூரத்தை அந்த விதி கட்டுப்படுத்தவில்லை. ‘நான் பணிக்குத் தகுதியோடு இருக்கிறேன்’ என்று விமானியே உறுதி சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் வழிகாட்டுதல் கொஞ்சம் வெளிப்படையானது: வீட்டிலிருந்து தளத்துக்கு வரும் நேரம் வழக்கமாக 90 நிமிடத்தைத் தாண்டினால், தளத்துக்குப் பக்கத்தில் தற்காலிகமாகத் தங்க ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

நம் நாட்டிலும் விமானிகளின் பறக்கும் நேரத்துக்கும் ஓய்வுக்கும் மலேசிய வான் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் உண்டு. அந்த ஓய்வு நேரத்தை ஒருவர் கட்டிலில் கழிக்கிறாரா, நெடுஞ்சாலையில் கழிக்கிறாரா என்பது அவர் கையில்தான் இருக்கிறது.

நான் சொல்லாமல் வைத்திருந்தது

சின்னம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டே, “பாப்பா மட்டும் வாராவாரம் ஓட்டிட்டுப் போகலயா?” என்றார் என்னைக் காட்டி.

உண்மைதான். காலை நிகழ்ச்சியில் சேர்ந்த முதல் வருடம். அப்போது எங்கள் வீடும் கோப்பெங்கில்தான். ஞாயிற்றுக்கிழமை இரவு அம்மா சமையலைச் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் தூங்கி, இரண்டு மணிக்குக் கிளம்பி, ஐந்து மணிக்கு ஒலிவாங்கி முன் உட்கார்ந்துவிடுவேன். வயது இருபத்து நான்கு. முடியும் என்று நினைத்தேன். பல வாரம் முடிந்தது.

ஒரு திங்கட்கிழமை, தஞ்சோங் மாலிமுக்கு முன்னால், கார் கடகடவென்று அதிர்ந்தது. சாலையோரக் கோட்டில் செதுக்கியிருப்பார்களே, அந்த மேடுகள். கண்ணைத் திறந்தபோது காரின் பாதி அவசரப் பாதையில் இருந்தது. முன்னால் ஐம்பது அடியில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. கண்ணைத் திறந்தபோது என்று எழுதுகிறேன். எப்போது மூடினேன் என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி, கை நடுக்கம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு போய் நேயர்களுக்கு உற்சாகமாகக் காலை வணக்கம் சொன்னேன். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அந்த வாரமே ஞாயிறு மாலையே திரும்புவது என்று மாற்றிக்கொண்டேன். அம்மா கேட்டபோது நேர மாற்றம் என்றேன். வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொன்னது போல ஆகிவிடுமோ என்று பயம். பத்து வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிரவு சொன்னேன்.

சின்னம்மா தட்டுகளைத் திரும்ப மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “உங்க அம்மாகிட்ட சொல்லிறாத” என்றார். பிறகு மகனைப் பார்த்து, “நீ தூங்கிட்டா பின்னால எத்தன பேரு உட்காந்திருப்பாங்க?” என்று கேட்டார்.

“நூத்தி எண்பது பேர் வரைக்கும், அம்மா.”

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம்தானே என்ற பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

இரண்டு சாவி

ஞாயிறு காலையில் முடிவானது இதுதான். சாலாக் திங்கியில் உடன் பயிற்சி பெற்ற இருவரோடு சேர்ந்து வாடகை வீடு. அங்கிருந்து விமான நிலைய ரயிலும் உண்டு. திடீரென்று அழைத்தால் சொன்ன நேரத்துக்குள் போய்விடலாம். முதல் வருடம் வீடு வாங்குவதில்லை. புதிதாகச் சேர்ந்தவருக்கு அட்டவணையும் தளமும் எப்போது மாறும் என்று தெரியாது. பினாங்கிலும் தளம் வைத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. பல நிறுவனங்களில் பணிமூப்பு வந்தால்தான் கேட்டதைக் கொடுப்பார்கள். அவசரப்பட்டு முப்பது வருடக் கடனில் கால் வைத்துவிட்டுப் பிறகு தவிக்க வேண்டாம்.

கோப்பெங் வீட்டுக்கு வருவது இரண்டு நாள் அல்லது அதற்கு மேல் விடுப்பு இருக்கும்போது மட்டும். வேலை முடிந்த கையோடு காரை எடுப்பதில்லை. தூங்கி எழுந்து, மறுநாள் காலையில் ரயிலில் பத்து காஜாவுக்கு. சின்னம்மாவோ பக்கத்து வீட்டு மாமாவோ போய் அழைத்து வருவார்கள். திரும்புவது பணிக்கு முந்தின நாள் மதியத்துக்குள். வேலை நாள் எதுவும் கோப்பெங்கில் தொடங்கக் கூடாது. இதை அவன் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினான்.

சின்னம்மாவுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. மாதத்தில் ஒரு முறை அவரும் சாலாக் திங்கிக்குப் போய் இரண்டு நாள் இருப்பார். “பையனுங்க என்னத்த சாப்பிடுறானுங்கன்னு பாக்கணும்” என்றார். மூன்று இளைஞர்கள் குடியிருக்கும் வீட்டுக்கு அதைவிட நல்ல பாதுகாப்பு இருக்க முடியாது.

இது விமானிகளுக்கு மட்டுமான சங்கதி இல்லை. ஈப்போவில் குடும்பமும் கோலாலம்பூரில் வேலையுமாக இருக்கும் தாதிகள், லாரி ஓட்டுநர்கள், இரவு வேலை பார்க்கும் பொறியாளர்கள் நம்மிடையே நிறைய. ஜோகூரில் படுத்துச் சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்கள், விடியும் முன்பே எல்லையைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு மேசை இருக்கும். வாடகையும் டோலும் பெட்ரோலும் போட்டுக் கணக்குப் பார்த்திருப்பார்கள். அந்தத் தாளில் தூக்கத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். எத்தனை மணிக்கு எழுகிறார், எத்தனை மணிக்குக் காரைக் கடைசியாக நிறுத்துகிறார் என்று எழுதிக் கழித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் பேச்சை முடித்தது அந்த ஒரு வரிதான்.

தாத்தாவுக்கு எங்கே குடியிருப்பது என்று யாரும் கேட்கவில்லை. கம்பெனி லயத்தைக் காட்டியது, போனார். பேரனை நிறுவனம் எங்கே வேண்டுமானாலும் இருந்துகொள் என்கிறது. அது நமக்குக் கிடைத்த பெரிய சுதந்திரம்தான். ஆனால் லயம் இருந்த காலத்தில் வேலைக்குப் பக்கத்தில் தூங்க வைப்பது கம்பெனியின் பொறுப்பாக இருந்தது. இப்போது அந்தப் பொறுப்பும் நம் தலையில் வந்துவிட்டது. சுதந்திரத்தை வாங்கிக்கொண்டு பொறுப்பை மறந்துவிட்டால், அந்த ஐந்து நிமிட நடையை நாம் 240 கிலோமீட்டராக நீட்டிக்கொள்கிறோம்.

கிளம்பும்போது சின்னம்மா வாசலில் நின்றார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் சொல்வது போல, போய்ச் சேர்ந்ததும் செய்தி அனுப்பு என்று மகனிடம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“தெனமும் படுக்கப் போறப்ப ஒரு மெசேஜ் போடுப்பா” என்றார். “தரையிறங்குனதும் போட வேணாம். படுத்துட்டேன்னு போட்டா போதும். நான் நிம்மதியா தூங்குவேன்.”

அவன் வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறான். நேற்று சின்னம்மா தன் கைப்பேசியைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். இரவு 8.10க்கு மகனிடமிருந்து ஒரு வரி: “அம்மா, படுத்துட்டேன். நாளைக்கு 4 மணி.”

கீழே சின்னம்மாவின் பதில், ஒரு கட்டைவிரல்.